மேடமே வாங்குறாங்க

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில், கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். ஐந்து வருடமாக. யார் எத்தனை நாள் லீவு, யாருக்கு எவ்வளவு ஓ.டி., யாருடைய அட்வான்ஸ் இன்னும் கழியவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒருவர் எதிரே வந்தால் அவர் பெயர் ஞாபகத்துக்கு வருவதற்கு முன்னால் அவர் கையில் வாங்கும் சம்பளம் ஞாபகத்துக்கு வந்துவிடும். இது ஒரு வியாதி. இந்தக் கட்டுரைக்கு அந்த வியாதி தேவைப்படுகிறது.

அக்காவின் சம்பளம் 14,200. இங்கே அவரை அக்கா என்று மட்டும் சொல்கிறேன். அசெம்பிளி லைனில் ஒன்பது வருடமாக கான்ட்ராக்டில் இருப்பவர். நடுவில் கான்ட்ராக்டர் மூன்று முறை மாறிவிட்டார்; அக்கா அதே லைனில் அதே ஸ்டூலில். செய்யாறு பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறார். முதல் ஷிப்ட் என்றால் மூன்றரை மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு இருட்டில் மெயின் ரோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். மற்றவர்கள் முன்னால் என்னை 'மேடம்' என்பார். தனியாக இருக்கும்போது 'ம்மா'.

ஒரு நாள் மதியம் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். வெள்ளை டப்பா, தங்க நிற மூடி. "ஸ்கின்லாம் எப்டி ட்ரையா இருக்கு பாரும்மா. ஏ.சி.லயே உக்காந்திருந்தா அப்டித்தான் ஆவும். இத போட்டுப் பாரு, பத்தே நாள்ல நல்லா தெரியும். கொஞ்சம் கலரும் குடுக்கும்."

விலை 1,750. அவர் சம்பளத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. மூன்று நாள் கூலிக்கு மேல். ஸ்டிக்கரைப் பார்த்ததும் மனசு இந்தக் கணக்கைப் போட்டுவிட்டது. என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "நீ ரெண்டு தவணையா குடு போதும்" என்றார். வாங்கினேன். அக்கா உடனே போனை எடுத்து, "டப்பாவ கையில புடி, ஒரு போட்டோ" என்றார். பிடித்தேன். சிரிக்கவும் செய்தேன்.

அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். ஏறக்குறைய எல்லாம் ஒரே அச்சுதான்: பொருள் கடையில் கிடைக்காது, தெரிந்தவர் மூலமாகத்தான் வரும். விற்பவர் இன்னொருவரைச் சேர்த்துவிட்டால் அவர் விற்பதிலும் வாங்குவதிலும் இவருக்கு ஒரு பங்கு. அதற்கு மேலே இருப்பவருக்கு அதிலிருந்து இன்னொரு பங்கு. நெட்வொர்க் மார்க்கெட்டிங், எம்.எல்.எம்., டைரக்ட் செல்லிங் என்று காலத்துக்கு ஒரு பெயர்.

நான் கேட்டுக்கொண்ட கேள்வி சின்னதுதான். அதை வாங்கியது சரியா?

முதல் மூன்று மாதம் இது கேள்வியாகவே தோன்றவில்லை. அக்காவுக்கு ஒரு உதவி, எனக்கு ஒரு க்ரீம், அவ்வளவுதான். மூன்றாவது டப்பா வாங்கியபோது யதார்த்தமாகக் கேட்டேன்: "இதுல உங்களுக்கு எவ்ளோக்கா நிக்கும்?" மறைக்கவில்லை. "350 நிக்கும்மா."

அன்று ராத்திரி ரூமில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நான் கொடுப்பது 1,750. அதில் அக்காவுக்கு 350. க்ரீம் ஒன்றுமே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். மருந்துக்கடையில் 250 ரூபாய்க்குக் கிடைக்கும் மாய்ஸ்சரைசர் செய்கிற வேலையை அதுவும் செய்தது. (கலர் எதுவும் கொடுக்கவில்லை. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. வார்த்தை டப்பாவிலிருந்து போய்விட்டாலும் விற்பவர் வாயில் இன்னும் இருக்கிறது.) 350-ம் 250-ம் போக மீதி 1,150. அது எதற்கு?

நேராக அக்காவிடம் 350 ரூபாயை நீட்டியிருந்தால் அவருக்கு அதே பலன், எனக்கு 1,150 மிச்சம். ஆனால் நான் நீட்ட மாட்டேன், அவர் வாங்க மாட்டார். "என்னம்மா, என்ன பிச்சைக்காரியா நெனச்சிட்டியா" என்றுதான் கேட்பார். ஆக, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் இருக்கும் கூச்சத்தை மறைக்க எங்கள் இருவருக்கும் ஒரு தங்க மூடி போட்ட டப்பா தேவைப்பட்டது. அந்தத் திரைக்கான வாடகைதான் 1,150.

திருக்குறளில் 106-வது அதிகாரம் 'இரவு', அடுத்தது 'இரவச்சம்'. கேட்பதைப் பற்றி ஒன்று, கேட்பதற்கு அஞ்சுவதைப் பற்றி ஒன்று, அடுத்தடுத்து. பள்ளிக்கூடத்தில் படித்தபோது, முன்னால் சொன்னதற்கு நேர் எதிராக ஏன் சொல்கிறார் என்று குழம்பியிருக்கிறேன். இப்போது எதிராகத் தெரியவில்லை. கேட்கவும் வேண்டும், கேட்கிறோம் என்பது தெரியவும் கூடாது என்ற நிலையில்தான் நம்மில் பெரும்பாலோர் இருக்கிறோம். அந்த இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் யாரோ ஒரு கம்பெனியைத் திறந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். ஆடி மாதம் ஆனால் மொய் விருந்துப் பத்திரிகைகள் வந்து விழும். கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டியதில்லை, பணம் தேவை என்பதே காரணம். பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, நோட்டும் பேனாவுமாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எழுதுகிற ஒவ்வொரு தொகையும் கடன். அவர் விருந்து வைக்கும்போது நாம் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி எழுத வேண்டும். அப்பா ஒருமுறை அப்படித்தான் போர் போட்டார். அதைக் கொச்சை என்று சொல்கிற வெளியூர் நண்பர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. மொய்யில் கூச்சத்தை ஊரே பங்கு போட்டுக்கொள்கிறது. இன்று கேட்பவர் நாளை கொடுப்பவர் என்பது நோட்டில் இருக்கிறது. சீட்டும் அப்படித்தான், இருபது பேர் போட்டால் இருபது பேரும் எடுப்பார்கள். அதிலும் ஏமாற்று உண்டு, சீட்டுப் பிடித்தவர் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் சீட்டு ஒழுங்காக நடந்தால் எல்லோருக்கும் முறை வரும். அக்காவின் தொழில் ஒழுங்காக நடந்தால்தான் ஆபத்து என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அக்கா விற்கக் கற்றுக்கொண்ட இடத்தையும் ஒருமுறை பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். "சும்மா வந்து பாரும்மா, ஒனக்கு புடிக்கலன்னா விட்ரு." கிளம்பும்போது ரேஸ் டிராக்கில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. 1990-லிருந்து அந்த டிராக் இங்கே இருக்கிறது. ஞாயிறன்று அந்தச் சத்தம் சிப்காட் முழுக்கக் கேட்கும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவதற்கு இவ்வளவு வேகமா என்று அக்கா எப்போதும் கேலி செய்வார்.

மண்டபத்தில் மே மாத வெயிலில் கோட் போட்ட ஆண்கள். முந்நூறு பேர் இருக்கலாம். பாதிக்கு மேல் பெண்கள், அதிலும் பலர் நம் ரூட் பஸ்களில் பார்த்த முகங்கள். மேடையில் ஒருவர் ஒரு 'ரகசியம்' சொன்னார்: ஆறு பேரைச் சேருங்கள், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்கட்டும், பத்துப் படி போதும், நீங்கள் எங்கேயோ போய்விடுவீர்கள். கைதட்டினார்கள். நான் போனில் கால்குலேட்டரைத் திறந்தேன். சொன்னேனே, வியாதி. ஒருவரில் ஆரம்பித்து ஆறு, முப்பத்தாறு, இருநூற்றுப் பதினாறு என்று பத்தாவது படி வரை கூட்டினால் மொத்தம் 7,25,59,411 பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.21 கோடிதான். தொட்டில் குழந்தைகளையும் சேர்த்து.

இந்தப் பெருக்கல் எல்லோருக்கும் தெரிந்த கேலிதான். என்னை உறுத்தியது வேறு ஒன்று. இந்தக் கோபுரத்தை மூன்றாவது படியில் நிறுத்துங்கள், ஐந்தாவது படியில் நிறுத்துங்கள், எங்கே நிறுத்தினாலும் ஆறில் ஐந்து பேர் கடைசிப் படியில்தான் இருப்பார்கள். யாரையும் சேர்க்காதவர்களாக. அது அவர்கள் சோம்பேறித்தனத்தால் வந்தது அல்ல; கணக்கே அப்படி. ஆனால் மேடையில், "ஜெயிக்காதவங்க ஏன் ஜெயிக்கலன்னா, அவங்க முழுசா நம்பல" என்றார் அந்தக் கோட்டுக்காரர். கணக்கால் வருகிற தோல்வியைக் குணத்தால் வந்த தோல்வியாக மாற்றித் தலையில் கட்டுகிறார்களே, அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. பணம் போனால் திரும்ப வரும். 'நான் லாயக்கில்லாதவள்' என்று ஒரு பெண் தன்னைப் பற்றி நினைத்துவிட்டால் அதை எப்படித் திருப்பி வாங்குவது?

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இன்னொருவரும் ஒரு ரகசியம் வாங்கியவர்தான். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து மந்திரம் கற்றுக்கொண்ட ராமானுஜர், நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்று அதை ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னார் என்பது கதை. அவருக்கு டவுன்லைன் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இதை அக்காவிடம் சொன்னேன். சிரித்தார். "அவருக்கென்ன, வீட்ல ரேஷன் கார்டா இருந்துச்சு?"

நான் இதுவரை சொன்னதையெல்லாம் படித்து, அக்கா ஏமாந்த அப்பாவி என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

"கடைல வாங்குற க்ரீம்ல மட்டும் என்ன இருக்கு? டிவில ஒரு நடிகை வந்து தடவிக் காட்டுறா, அவளுக்குக் கோடி போவுது. அத குடுக்க ஒனக்கு வலிக்கல. எனக்கு 350 போனா கணக்கு பாக்குற." இது ஒன்று. இரண்டாவது இன்னும் கஷ்டம்: "பிரமிடு பிரமிடுங்கிறியே, ஒன் கம்பெனி மட்டும் என்னவாம்? மேல இருக்கிறவனுக்கு லட்சம் லட்சமா போவுது, கீழ எனக்குப் பதினாலு. ஒனக்குத் தெரியாதா? நீதான கணக்கே போடுற."

முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். நடிகையின் விளம்பரத்தை நான் தள்ளிவிட்டால் அவருக்கு வருத்தம் வராது. அடுத்த மாதம் கேன்டீனில் என் முகத்தைப் பார்த்து, "ஏன் நிறுத்திட்ட?" என்று கேட்க மாட்டார். கடைக்காரருக்கும் எனக்கும் நடுவில் சரக்கு மட்டும்தான் இருக்கிறது. அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஐந்து வருடப் பழக்கம் இருக்கிறது. எனக்கு டெங்கு வந்தபோது ரசம் கொண்டு வந்து கொடுத்தது இருக்கிறது. கம்பெனி விளம்பரத்துக்குச் செலவழிக்காமல், அதைச் செலவழிக்கிறது. நட்பில் புகார்கள் அதிகம் எழுவது பயனுக்காகச் சேர்ந்தவர்களிடையேதான் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். எங்கள் சிக்கல் அதைவிடக் குழப்பமானது. பயனுக்காகச் சேராத ஒரு நட்பின் மேல் மாதாமாதம் ஒரு பயன் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது கேள்விக்கு, "அக்கா, இங்க கீழ இருக்கிறவங்களுக்குச் சம்பளம் குடுக்குறாங்க, அங்க கீழ இருக்கிறவங்க பணம் கட்டுறாங்க" என்றேன். அது சரியான பதில்தான். அக்காவை அது அசைக்கவில்லை. ஏன் அசைக்கவில்லை என்று யோசித்தால், இந்த வட்டாரத்தின் கதை முழுவதும் அதில் இருக்கிறது. 1998-இல் ஹூண்டாய் இங்கே கார் செய்ய ஆரம்பித்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கான இளம் பெண்களுக்கு, போன் செய்யத் தெரிந்த கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நோய்ப்பட்டபோது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்து மறித்தார்கள். அப்போது அக்கா சொன்னது: "அவங்க அத்தன பேரு, உக்காந்தாங்க. எங்க லைன்ல கான்ட்ராக்ட் பன்னண்டு பேரு. உக்காந்தா மறுநாள் கேட்லயே நிறுத்திடுவான்."

ஒன்பது வருடமாக அக்காவுக்கு எங்கள் கம்பெனியில் ஒரு படிகூட ஏற வழி இல்லை. கம்பெனியிடம் ஏணியே இல்லை. அந்த மண்டபத்தில், 'சில்வர்' ஆனதற்காக அக்காவை மேடைக்குக் கூப்பிட்டு, முழுப் பெயரை மைக்கில் சொல்லி, கழுத்தில் ஒரு பட்டை போட்டார்கள். முந்நூறு பேர் எழுந்து நின்று தட்டினார்கள். அவர் அழுததைப் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் அவர் பெயர் கேட் பதிவேட்டில் இருக்கிறது, என் எக்செல் ஷீட்டில் இருக்கிறது. அங்கே அதை யாரும் உரக்கச் சொன்னதில்லை. அவர்கள் அக்காவுக்கு விற்பது க்ரீமை அல்ல, அந்தக் கைதட்டலை. அதற்கு மருந்துக்கடையில் 250 ரூபாய்க்கு மாற்று இல்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். ஹூண்டாய் வந்த அதே 1998-இல்தான் ஆம்வேயும் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கியது. நம் நாட்டில் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978-லிருந்தே இருக்கிறது. அதை வைத்து ஆந்திரத்தில் வழக்கு நடந்தது; 2013-இல் கேரள போலீஸ் ஆம்வே இந்தியாவின் தலைமை அதிகாரியைக் கைது செய்தது; அடுத்த வருடம் ஆந்திர போலீஸ். 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை அந்நிறுவனத்தின் 757.77 கோடி ரூபாய் சொத்தை முடக்கியது. திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள அவர்கள் தொழிற்சாலையும் நிலமும் அதில் அடக்கம். சந்தையில் உள்ள மாற்றுப் பொருட்களைவிட விலை மிக அதிகம், பொருளைவிட ஆள் சேர்ப்பதுதான் தொழில் என்பது துறையின் குற்றச்சாட்டு. விசாரணை 2011-லிருந்து நடப்பது, தாங்கள் ஒத்துழைத்து வருகிறோம் என்றது நிறுவனம்.

நிலக்கோட்டையில் உள்ள அந்த ஆலை 2015-இல் திறந்தது. செய்தியைப் படித்தபோது வழக்கைவிட இதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த மாதிரி ஒரு டப்பாவைத் தமிழ்நாட்டில் ஒரு பெண் லைனில் நின்று நிரப்புகிறார். அவர் தொழிலாளி, சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று சட்டம் அவருக்குச் சிலதைச் சொல்கிறது. அதே டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிற பெண்ணைச் சட்டம் தொழிலாளியாகவே பார்ப்பதில்லை. அவர் 'சுயதொழில்' செய்பவர். விற்காத நாளுக்கு அவருக்கு என்ன என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1979-இல் இதே ஆம்வே மீதான வழக்கில், வணிக ஆணையம் இது பிரமிடு அல்ல என்று முடிவு செய்தது. காரணங்களில் ஒன்று, ஒவ்வொரு விநியோகஸ்தரும் மாதம் பத்து வெளி வாடிக்கையாளருக்காவது விற்க வேண்டும் என்ற விதி. அதாவது, உள்ளே சேராமல் பொருளுக்காக மட்டும் வாங்குகிற ஆள் இருக்கிறார் என்பதுதான் இந்தத் தொழிலை நேர்மையாக்குகிறது. நம் 2021 டிசம்பர் நேரடி விற்பனை விதிகளும் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் போகின்றன: பிரமிடு கூடாது, சேர்வதற்குக் கட்டணம் கூடாது, முன்கூட்டிக் கேட்காமல் வீட்டுக்குப் போய் நிற்கக் கூடாது, சேர்ந்தவர் மனம் மாறினால் அபராதமில்லாமல் விலகிக்கொள்ள ஒரு கால அவகாசம் தர வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் சேரவில்லை. க்ரீம் வாங்குகிறேன், தடவுகிறேன். சட்டத்தின் கண்ணில் இந்த அமைப்பு முழுவதிலும் குற்றம் சொல்ல முடியாத ஒரே ஆள் நான்தான். அந்த நிம்மதி மூன்று வாரம் நீடித்தது.

டிரெய்னியாக வந்திருந்த ஒரு பெண், பத்தொன்பது வயது, திருக்கோவிலூர்ப் பக்கம். சம்பள அட்வான்ஸுக்கு விண்ணப்பம் கொண்டு வந்தாள். 10,000 ரூபாய். காரணம் என்ற கட்டத்தில் வழக்கமாக மருத்துவம், திருமணம், காலேஜ் ஃபீஸ் என்று இருக்கும். இவள் 'பிசினஸ்' என்று எழுதியிருந்தாள்.

"என்ன பிசினஸ்மா?"

"ஸ்கின் கேர் மேடம். சேர்றதுக்கு ஃபீஸ்லாம் இல்ல. ஃபர்ஸ்ட் ஆர்டர் மட்டும் நம்ம எடுக்கணும். 9,800."

"யாரு சொன்னா?"

நான் தெரியாத மாதிரி நடிக்கிறேனோ என்று என்னைப் பார்த்தாள். "நீங்களும் யூஸ் பண்றீங்கல்ல மேடம். அக்கா போட்டோ காட்டுனாங்க. மேடமே வாங்குறாங்க, அவங்களுக்குத் தெரியாத கணக்கான்னு சொன்னாங்க."

கடையில் ஒரு சோப்பு வாங்கினால் அந்தச் செயல் என் குளியலறையோடு முடிந்துவிடுகிறது. இங்கே முடிவதில்லை. நான் வாங்கியது ஒரு டப்பா. கொடுத்தது ஒரு சாட்சியம். சட்டம் எந்த வாடிக்கையாளரைக் காட்டி இந்தத் தொழிலை நேர்மையானது என்கிறதோ, அதே வாடிக்கையாளரைக் காட்டித்தான் அடுத்த ஆளைச் சேர்க்கிறார்கள். அந்தப் போட்டோவில் என் முகம் பளபளப்பாக இருந்ததா என்பது யாருக்கும் முக்கியமில்லை. சம்பளக் கணக்குப் போடுகிறவள் வாங்கியிருக்கிறாள் என்பதுதான் சரக்கு. அக்காவிடம் இரக்கப்பட்டு நான் செலவழித்த 1,750, நான் பெயர்கூடச் சரியாகத் தெரிந்து வைத்திராத ஒரு பெண்ணின் மேல் 9,800 ஆகப் போய் விழுந்திருக்கிறது.

அக்காவுக்கு உதவுவது நல்லதுதானே என்று இன்னும் ஒரு குரல் உள்ளே சொன்னது. கண் முன்னால் இருப்பவருக்குச் செய்வதுதான் உதவி, எங்கோ இருப்பவரையெல்லாம் கணக்கில் எடுத்தால் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது என்பது அந்தக் குரலின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. தூரத்து மனிதர்களைக் காரணம் காட்டி அருகில் இருப்பவரைக் கைவிடுகிற அறிவாளிகளை எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தப் பெண் எங்கோ இருப்பவள் இல்லை. என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய உதவித்தொகை 11,500 என்பது எனக்குத் தெரியும்.

அட்வான்ஸை அன்று மேலே அனுப்பவில்லை. எனக்கு அந்த உரிமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அவள் பணத்தை அவள் என்ன செய்ய வேண்டும் என்று நான் யார் முடிவு செய்ய? ஆனால் 'மேடமே' என்ற அந்த ஏகாரத்தில் என்னை ஏற்கெனவே முடிவு செய்ய வைத்துவிட்டார்கள். அவளை உட்கார வைத்து, ஆறு ஆறாகப் பெருக்கிக் காட்டினேன். ஆர்டர் போட்டாயிற்று, ரூமில் இருக்கும் தோழியிடம் கைமாத்து வாங்கித்தான் போட்டாள், அதை அடைக்கத்தான் அட்வான்ஸ் என்றாள். விலகிக்கொள்ள அவகாசம் உண்டு, திருப்பி அனுப்பலாம் என்றேன். கவனமாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "திருப்பி அனுப்புனா அக்காவோட பாயின்ட்டு கொறஞ்சிரும் மேடம். அவங்க லெவல் போயிரும். பாவம்ல."

நான் அக்காவுக்காக வாங்கினேன். அவளும் அக்காவுக்காகத்தான் திருப்பாமல் இருக்கிறாள். அக்கா அவருக்கு மேலே உள்ள நாத்தனாருக்காக மாதம் 5,000 ரூபாய்க்குத் தானே சரக்கெடுத்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது. பேராசை என்று பார்த்தால் எங்கள் மூவரில் யாரிடமும் பெரிதாக இல்லை. ஒருவர் முகம் வாடக் கூடாது என்பதுதான் எல்லோரிடமும் இருந்தது. அந்த அமைப்பு ஓடுவது பேராசையால் மட்டும் என்று சொல்கிறவர்கள் அதை வெளியிலிருந்து பார்த்தவர்கள்.

அக்காவிடம் பேசினேன். அன்று மேடம் என்று கூப்பிடவில்லை, ம்மா என்றும் கூப்பிடவில்லை. அந்தப் போட்டோவை அழிக்கச் சொன்னேன். இனி வாங்க மாட்டேன் என்றும் சொன்னேன். ரொம்ப நேரம் சாப்பாட்டு டப்பா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு நல்லா வரணும்னுதாம்மா சேத்தேன். என்ன மாதிரி ஒம்பது வருஷம் ஸ்டூல்ல உக்காரக் கூடாதுன்னு." பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதி.

போட்டோவை என் கண் முன்னாலேயே அழித்தார். "நீ வாங்கலன்னாலும் பரவால்ல. பேசாம மட்டும் இருந்துடாத."

அட்வான்ஸை மறுவாரம் அனுப்பினேன். தோழியிடம் வாங்கிய கைமாத்து அடைய வேண்டுமே.

இரண்டு மாதம் கழித்து அக்காவின் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா. செய்யாறுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். லைனிலிருந்து ஒரு வேன் பிடித்து எல்லோரும் போனோம். மொய் எழுதுகிற இடத்தில் ஒரு தாத்தா நோட்டை வைத்துக்கொண்டு பெயர், ஊர் கேட்டார். 1,751 ரூபாய் எழுதினேன். அக்கா பிறகு நோட்டைப் பார்ப்பார், அந்த எண் அவருக்குப் புரியும் என்று தெரியும். ஒருநாள் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி எழுதுவார். அந்த மொய்யில் 350 எவ்வளவு, 1,150 எவ்வளவு என்று பிரிக்க வேண்டியதில்லை.

கிளம்பும்போது வாசலில் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தது அந்த டிரெய்னிப் பெண். பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ. "நல்லா சாப்டீங்களா மேடம்?" என்று கேட்டு என் கையில் ஒரு பையைத் திணித்தாள். வேனில் ஏறி உட்கார்ந்து திறந்து பார்த்தேன். தேங்காய், வெற்றிலை, பாக்கு, ஒரு சாத்துக்குடி. அடியில் அந்த க்ரீமின் சாம்பிள் பாக்கெட் ஒன்று, அதில் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரில் பேனாவால் எழுதிய ஒரு போன் நம்பர். அது அக்காவின் நம்பர் இல்லை.